மலைநாட்டு மின் லைன்களுக்குப் பாதுகாப்பு வடிவமைக்க ஒரு நிபுணத்துவ முறைமை: படிப்படியான முழு வழிகாட்டி

என்னிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும், ஓய்வு பெற்ற லைன் ஃபோர்மன் ஐயா ஒருவரின் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. முதல் வரி இது: "தம்பி, லைன் ட்ரிப் ஆனா நான் ரிலேய பாக்க மாட்டேன். மொதல்ல வானத்த பாப்பேன்."

இடி மழையில் விழுந்த, அதாவது ட்ரிப் ஆகி மின் துண்டான, லைனை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம், அநேகமாக நிற்கும். வானம் வெளுத்திருக்கும்போது விழுந்தால் மரமோ அறுந்த கம்பியோதான், ஆள் போய்ப் பார்க்காமல் போடக் கூடாது. முப்பது வருட அனுபவம் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. ரிலே என்பது பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி. அதன் செட்டிங் கணக்கிடும் மென்பொருள் எவ்வளவோ வந்துவிட்டது. மின்னோட்டத்தையும் நேரத்தையும் அவை சரியாகவே கணக்கிடுகின்றன. ஆனால் எந்த லைனுக்கு எந்தப் பாதுகாப்பு பொருந்தும், எங்கே மறுபடி போடலாம், எங்கே போடவே கூடாது என்ற முடிவு அந்தக் கொப்பியில்தான் கிடக்கிறது. ஐயாவுக்குப் பின் அது யாரிடமும் இருக்காது. அந்த அறிவை விதிகளாக எழுதி, கணக்கோடு சேர்த்துக் கணினியில் ஏற்றுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

பாதுகாப்புப் பொறியியலில் கை வைக்கும் இளைஞர்களையும், தோட்டப் பக்கத்துச் சிறு நீர்மின் நிலையங்களில் வேலை செய்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன்: இந்த முறைமை செட்டிங்கைப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். லைனுக்குப் பொறுப்பான பொறியியலாளர் கையெழுத்திடாமல் ஒரு எண்ணும் ரிலேக்குள் போகக் கூடாது.

நிபுணத்துவ முறைமை என்றால் என்ன

அதற்கு மூன்று பாகம் உண்டு. விதிகள் இருக்கும் அறிவுத்தளம் ஒன்று. குறிப்பிட்ட லைனைப் பற்றிய தரவு இரண்டாவது. தரவோடு எந்த விதி பொருந்துகிறது என்று பார்த்து, புது முடிவுகளை எடுத்து, அந்த முடிவுகளை மறுபடி தரவாக்கி, இனி எடுக்க ஒன்றுமில்லை என்னும் வரை ஓடும் அனுமானப் பொறி மூன்றாவது. 1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மைசின், இரத்தத் தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைக்க இதே மூன்று பாகங்களைப் பயன்படுத்தியது; அதன் பொறி மட்டும் முடிவிலிருந்து பின்னோக்கித் தேடியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, "ஏன் இதைக் கேட்கிறாய்?", "எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?" என்று பயனர் திருப்பிக் கேட்கலாம் என்பது. இன்றைய நியூரல் வலைப்பின்னல்களிடம் அந்தப் பதிலை அவ்வளவு தெளிவாக வாங்க முடியாது. ஆள் சாவும் பிழைப்பும் தொங்கும் ஒரு செட்டிங்குக்குக் காரணம் கேட்டால் பதில் வர வேண்டும். இந்தப் பழைய முறையை நான் விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

படி 1: ஒரே ஒரு லைனைத் தேர்ந்தெடுங்கள்

இலங்கையில் மின்சாரம் 220 கேவி (கிலோ வோல்ட்), 132 கேவி லைன்களில் தூரம் கடந்து, 33 கேவியிலும் 11 கேவியிலும் பிரிந்து, கடைசியில் 400/230 வோல்ட்டாக வீட்டுக்கு வருகிறது. முதல் முயற்சியை 220 கேவியில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 9ஆம் தேதி கொத்மலை–பியகம லைனில் ஏற்பட்ட கோளாறோடு நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். அந்த மட்டத்தில் ஒரு பிழையின் விலை பெரிது.

33 கேவி ஃபீடர் ஒன்றை எடுங்கள். மலைநாட்டில் அது ஒரு கிரிட் சப்ஸ்டேஷனில் தொடங்கி, தேயிலை மலைகளில் ஏறி இறங்கி, பள்ளத்தாக்குகளை நீண்ட ஸ்பானில் (இரண்டு கம்பங்களுக்கு இடையே உள்ள கம்பி) தாண்டி, தோட்டத் தொழிற்சாலைகளுக்கும் லயங்களுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கிளை பிரியும். நடுவில் பழுதில் திறந்து தானே மறுபடி மூடும் ஒரு ஓட்டோ ரீக்ளோசர், கிளைகளின் தலையில் உருகினால் கீழே தொங்கும் டிடிஎல்ஓ ஃபியூஸ், எங்கோ ஓர் ஆற்றங்கரையில் ஒன்றிரண்டு சிறு நீர்மின் நிலையங்கள். விதி எழுதிப் பழக இதைவிட நல்ல களம் கிடையாது.

படி 2: தரவு சேர்ப்பது

கம்பி வகை, நீளம், மூலத்தின் ஃபோல்ட் லெவல் (பழுதின்போது அது தரக்கூடிய அளவு), ட்ரான்ஸ்போமர் இணைப்பு, சீடி (லைன் மின்னோட்டத்தை ரிலேக்குச் சிறிதாக்கித் தருவது) விகிதம், ரிலே மாடல், இருக்கும் செட்டிங்: இவை அலுவலகத்தில் கிடைக்கும். அதில் நேரம் கடத்த வேண்டாம்.

மலைக்கே உரிய தரவில்தான் உழைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழே மண்ணா பாறையா? லைனை ஒட்டிச் சவுக்கு மரங்கள் நிற்கிறதா, அவை கம்பியை விட உயரமா? எந்த ஸ்பான் லயத்துக்கோ, பாடசாலைப் பாதைக்கோ, கொழுந்து பறிக்கும் மலைக்கோ மேலாகப் போகிறது? எந்தக் கம்பம் மண்சரிவு அபாயப் பகுதியில் நிற்கிறது? கடைசிக் கேள்விக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் உதவும். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மீரியபெத்தயில் ஒரு மலையே இறங்கி லயங்களை மூடியதற்குப் பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்காமல் மலைநாட்டில் எதையும் வடிவமைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலத்தடையை அளந்தே எடுங்கள். நான்கு கூர்க்கம்பிகளைச் சம இடைவெளியில் அடித்து அளக்கும் வென்னர் முறையில், மண்ணின் தடைத்திறன் = 2π × இடைவெளி × அளந்த தடை. மழைக்கு அடுத்த நாள் அளந்தால் ஏமாற்றும். காய்ந்த மாதத்தில் ஒரு தடவையாவது அளக்க வேண்டும்.

பருவத்தையும் தரவாக வையுங்கள். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவ மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை சிறு நீர்மின் நிலையங்கள் முழு மூச்சில் ஓடும். பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவத்தில் தண்ணீர் வரும். வறண்ட மாதங்களில் அதே நிலையம் நின்றே கிடக்கும். ஆக ஒரே லைனுக்கு இரண்டு விதமான பழுது மின்னோட்டம் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

இங்கே ஒரு வடிவமைப்பு முடிவு. ஒவ்வொரு தரவுக்கும் "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பதிலோடு "தெரியாது" என்ற மூன்றாவதையும் அனுமதியுங்கள். மைசின் ஒவ்வொரு முடிவுக்கும் நம்பிக்கை எண் ஒன்றைக் கொடுத்தது. பாதுகாப்பு வேலைக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. கம்பத்தின் கீழே பாறை இருப்பது 0.6 என்று எழுதி வைப்பதைவிட, "தெரியாது, போய்ப் பார்" என்று முறைமை ஒரு வேலைச் சீட்டு அச்சிட்டுத் தருவது நல்லது.

படி 3: அனுபவசாலியிடம் கேட்பது

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டி ஓடிவிடுகிறார்கள். "உங்கள் விதிகள் என்ன ஐயா?" என்று கேட்டால் பதில் வராது. யாரும் தன் அறிவை விதியாக வைத்திருப்பதில்லை, சம்பவமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நானும் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். ஐயா வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். அப்புறம் நான் கேள்வியை மாற்றினேன்: "போட்டுப் போட்டு நிக்காத ஒரு லைனைப் பத்திச் சொல்லுங்க." உடனே கதை வந்தது. ஒரு மாசி மாதம், மழையே இல்லை. ஒரு தோட்டத்தில் கரண்ட் மங்கலாக எரிகிறது என்று ஆள் வந்து சொல்கிறார். சப்ஸ்டேஷனில் ஒரு ரிலேயும் அசையவில்லை. நடந்து போய்ப் பார்த்தால், ஒரு கம்பி அறுந்து பாறை மேல் கிடக்கிறது. "கல்லு மேல காஞ்சு கிடந்திச்சு தம்பி. பக்கத்துல கொழுந்துக் கூடையோட ரெண்டு பொம்பளைங்க நடந்து வாராங்க. நான் கத்துன கத்து அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும்."

கதை முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எது மாறியிருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்கும்?" அவர் சொன்னார்: ஈரமான சேற்றில் விழுந்திருந்தால் ரிலே பார்த்திருக்கும். அறுந்த கம்பியின் சப்ஸ்டேஷன் பக்கத்து முனை விழுந்திருந்தாலும் பார்த்திருக்கலாம், ஆனால் விழுந்தது லோட் பக்கத்து முனை. இரண்டு நிபந்தனை, இரண்டு விதி. அதுவும் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. லோட் பக்கத்து முனை விழுந்தால் பழுது மின்னோட்டம் ட்ரான்ஸ்போமர்களைச் சுற்றித்தான் வர வேண்டும், அதனால் மிகச் சிறிதாக இருக்கும்.

ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். லைன் ஆட்கள், கட்டுப்பாட்டறை ஆட்கள், சிறு நீர்மின் நிலைய ஒப்பரேட்டர்கள் என மூன்று தரப்பிலும் கேளுங்கள். முரண்பட்டால் இரண்டையும் பெயர் போடாமல் "லைன் தரப்பு", "நிலையத் தரப்பு" என்று எழுதி வையுங்கள். முரண்பாடு இருக்கும் இடத்தில் அநேகமாக ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கும்.

படி 4: விதியாக எழுதுவது

ஒவ்வொரு விதிக்கும் நான்கு வரி: எப்போது, என்ன செய், ஏன், எங்கிருந்து வந்தது. "ஏன்" வரி இல்லாத விதியை நான் அறிவுத்தளத்தில் சேர்ப்பதில்லை. ஐயாவின் கதையிலிருந்து பிறந்த விதிகள் இப்படி நிற்கின்றன:

விதி நிலம்-1
எப்போது: ஸ்பானின் கீழே பாறை அல்லது காய்ந்த சரளை; மேலும் ஆள் நடமாட்டம் உண்டு.
செய்: சென்சிட்டிவ் எர்த் ஃபோல்ட் (தரைக்குப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் உணரும் பாதுகாப்பு) கட்டாயம் என்று குறி.
ஏன்: தொடும் இடத்தில் 500 ஓம் தடை இருந்தால் 33 கேவியில் ஓடக்கூடியது அதிகபட்சம் சுமார் 38 அம்பியர். சாதாரண எர்த் ஃபோல்ட் செட்டிங் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.
மூலம்: லைன் தரப்பு, கணக்கால் உறுதி.

விதி நிலம்-2
எப்போது: சென்சிட்டிவ் எர்த் ஃபோல்ட்டால் ட்ரிப் ஆனது.
செய்: ரீக்ளோஸ் செய்யாதே, லொக் அவுட் (ஆள் வந்து போடும் வரை திறந்தே வை).
ஏன்: இவ்வளவு சிறிய மின்னோட்டம் என்றால் கம்பி தரையில் கிடக்கக்கூடும். பக்கத்தில் ஆள் இருக்கலாம்.
மூலம்: லைன் தரப்பு.

விதி நிலம்-3
எப்போது: கம்பம் மண்சரிவு அபாயப் பகுதியில், அல்லது பள்ளத்தாக்கைத் தாண்டும் நீண்ட ஸ்பான்.
செய்: எதிர்த்தொடர் மின்னோட்டத்துக்கும் (கட்டங்களின் சமநிலை குலைந்தால் தோன்றுவது) நேர்த்தொடர் மின்னோட்டத்துக்கும் (சமநிலையில் ஓடுவது) உள்ள விகிதத்தைப் பார்க்கும் அறுந்த கம்பிப் பாதுகாப்பைப் பரிந்துரை.
ஏன்: தரையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரு கம்பி அறுந்தால் மூன்று கட்டங்களின் சமநிலை குலையும்.
மூலம்: லைன் தரப்பு சொன்ன சம்பவம், பொறியியல் கோட்பாடு.

முதல் விதியில் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட 33 கேவி லைனில் பழுதில்லாத நேரத்திலும் கெப்பாசிட்டன்ஸ் காரணமாகச் சிறு சமநிலையின்மை மின்னோட்டம் ஓடும். செட்டிங்கை அதற்குக் கீழே இறக்கினால் லைன் சும்மா சும்மா விழும். ஆகவே அந்த விதிக்குப் பின்னால், "அளந்த நிலையான சமநிலையின்மையை விட மேலே, சில வினாடி தாமதத்தோடு" என்று எல்லை வைக்கும் இன்னொரு விதி வேண்டும். நல்ல அறிவுத்தளத்தில் விதிகள் இப்படித்தான் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்.

படி 5: விதியையும் கணக்கையும் பூட்டுவது

விதிகள் "என்ன" என்று சொல்லும். "எவ்வளவு" என்பதைச் சாதாரணக் கணக்கு நிரலிடம் விட்டுவிடுங்கள். சூத்திரத்தை விதிக்குள் எழுதினால் பின்னால் திருத்த முடியாமல் தவிப்பீர்கள்.

ஓர் உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. மூலத்தில் ஃபோல்ட் லெவல் 300 எம்விஏ. அதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு உள்ள மொத்த எதிர்ப்பு) 33 × 33 ÷ 300 = 3.63 ஓம், முழுக்க ரியாக்டன்ஸ் (கம்பிச்சுருளின் காந்தப்புலத்தால் வரும் பங்கு) என்று கொள்வோம். கம்பி கிலோமீற்றருக்கு 0.36 ஓம் தடை, 0.35 ஓம் ரியாக்டன்ஸ். ரீக்ளோசர் 12ஆவது கிலோமீற்றரில், லைன் முடிவு 30ஆவதில்.

ரீக்ளோசர் இருக்கும் இடத்தில் மொத்தம் 4.32 ஓம் தடை, 7.83 ஓம் ரியாக்டன்ஸ், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 8.94 ஓம். கட்ட வோல்டேஜ் 33,000 ÷ √3 = 19,053. மூன்று கட்டப் பழுது மின்னோட்டம் சுமார் 2,130 அம்பியர். லைன் முடிவில் மொத்தம் 17.8 ஓம், மின்னோட்டம் சுமார் 1,070 அம்பியர். இரண்டு கம்பி மட்டும் தொட்டால் அதில் 0.866 பங்கு, அதாவது 930 அம்பியர் அளவில்.

ஐஈசி 60255 தரத்தின் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில் நேரம் = டிஎம்எஸ் × 0.14 ÷ (மடங்கு^0.02 − 1). பிக்கப் என்பது ரிலே விழித்துக்கொள்ளும் மின்னோட்டம், டிஎம்எஸ் என்பது நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங் எண். மடங்கு என்பது பழுது மின்னோட்டம் பிக்கப்பின் எத்தனை மடங்கு என்பது. ரீக்ளோசருக்குப் பிக்கப் 200 அம்பியர், டிஎம்எஸ் 0.1 என்று வைத்தால் 2,130 அம்பியரில் 0.29 வினாடியில் திறக்கும். சப்ஸ்டேஷன் பிரேக்கர் அதற்குப் பின் குறைந்தது 0.35 வினாடி பொறுக்க வேண்டும், ஆக 0.64. அதன் பிக்கப் 300 என்றால் மடங்கு 7.1, டிஎம்எஸ் 1 என்றால் 3.5 வினாடி எடுக்கும். 0.64 ÷ 3.5 = 0.183. மேல் நோக்கி 0.19 என்று வைத்தால் 0.67 வினாடி, இடைவெளி போதும்.

இவ்வளவும் எந்த மென்பொருளும் செய்யும். ஆனால் ஆற்றங்கரைச் சிறு நீர்மின் நிலையங்களைக் கணக்கில் சேர்த்ததும் விதி வேண்டியிருக்கிறது. 2 எம்விஏ ஜெனரேட்டரின் முழு மின்னோட்டம் 33 கேவியில் 35 அம்பியர். சின்க்ரோனஸ் மெஷின் (இந்த வகை ஜெனரேட்டர்) பழுதின் தொடக்கத்தில் அதைப்போல ஐந்து மடங்கு வரை தள்ளலாம், பிறகு அது தேயும். மூன்று நிலையங்கள் என்றால் ஏறத்தாழ 525 அம்பியர். பக்கத்து ஃபீடரில் பழுது வந்தால் இந்த மின்னோட்டம் நம் பிரேக்கர் வழியாகப் பின்பக்கமாக ஓடும். பிக்கப் 300 தானே? நம் ரிலேயும் விழித்துக்கொள்ளும்.

விதி நீர்-1
எப்போது: ஃபீடரில் உள்ள நிலையங்களின் மொத்தப் பழுது மின்னோட்டம் பிரேக்கர் பிக்கப்பை விட அதிகம்.
செய்: பின்னோக்கிய மின்னோட்டத்தில் ட்ரிப் நேரத்தைக் கணக்கிடு, பக்கத்து ஃபீடர் பழுதை நீக்கும் நேரத்தோடு ஒப்பிடு, இடைவெளி போதாவிட்டால் திசை பார்க்கும் ரிலேயைப் பரிந்துரை.
ஏன்: பழுதில்லாத ஃபீடர் இருளக் கூடாது.

நம் உதாரணத்தில் 525 அம்பியருக்கு 0.19 டிஎம்எஸ் எடுக்கும் நேரம் 2.4 வினாடி. அதற்குள் பக்கத்து ஃபீடர் தன் பழுதை நீக்கியிருக்கும். இங்கே திசை ரிலே கட்டாயமில்லை. ஆனால் தாமதமே இல்லாமல் திறக்கச் சொல்லும் உடனடி உறுப்பு ஒன்று 500 அம்பியரில் போடப்பட்டிருந்தால் நிலைமை வேறு. "சிறு நீர்மின் இருந்தால் திசை ரிலே போடு" என்று மொட்டையாக எழுதிய விதி வீண் செலவு வைக்கும். கணக்கைக் கூப்பிட்டு அதன் பதிலைப் பார்த்து முடிவெடுக்கும் விதிதான் பயன் தரும்.

விதி நீர்-2
எப்போது: ரீக்ளோசருக்கோ பிரேக்கருக்கோ அப்பால் ஜெனரேட்டர் உண்டு.
செய்: லைனில் வோல்டேஜ் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் மூடாதே, மூடும் இடைவெளி ஜெனரேட்டர் விலகும் நேரத்தை விட நீளமாக இருக்கட்டும்.
ஏன்: விலகாத மெஷின் மேல் கட்டம் பொருந்தாமல் மூடினால் தண்டும் கப்ளிங்கும் உடையும்.

விதி நீர்-3
எப்போது: நிலையத்தின் ட்ரான்ஸ்போமர் 33 கேவி பக்கம் டெல்டா (நிலத்தோடு இணைக்க நடுப்புள்ளி இல்லாத இணைப்பு).
செய்: நிலையத்தில் நியூட்ரல் வோல்டேஜ் இடப்பெயர்ச்சிப் பாதுகாப்பு (மூன்று கட்ட வோல்டேஜின் நடுப்புள்ளி விலகுவதைப் பார்ப்பது) கட்டாயம்.
ஏன்: சப்ஸ்டேஷன் பிரேக்கர் திறந்ததும் மிஞ்சும் தீவுக்கு, அதாவது நிலையம் மட்டும் ஊட்டும் லைன் துண்டுக்கு, நிலத்தொடர்பு இருக்காது. ஒரு கட்டம் தரையில் கிடந்தால் மற்ற இரண்டும் 1.73 மடங்கு ஏறும்.

படி 6: இடி மின்னலுக்கான விதிகள்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் மலையில் வானம் முழங்கும். பருவமாற்றக் காலம். லைன் அதிகமாக விழுவதும் அப்போதுதான்.

கணக்கு எளிது, விளைவு பெரிது. 33 கேவி காப்பு தாங்கும் இம்பல்ஸ் (மின்னல் போன்ற திடீர் வோல்டேஜ்) அளவு 170 கேவி. 10 கிலோ அம்பியர் மின்னல், 20 ஓம் நிலத்தடை உள்ள கம்பத்தில் இறங்கினால் 200 கேவி எழும். இன்சுலேட்டர் மேல் பொறி பாயும். 10 கிலோ அம்பியர் மின்னலில் சிறிய அளவுதான். ஆக, 33 கேவியில் நேரடி மின்னலைத் தடுக்க முயல்வதைவிட, பொறி பாய்ந்ததும் சீக்கிரம் திறந்து, பொறி அணைந்ததும் மூடுவதே வழி. மேல்நிலை லைன்களின் பழுதுகளில் பெரும்பகுதி தற்காலிகமானது என்பதால் ரீக்ளோசர் இங்கே விலைமதிப்பில்லாதது.

132 கேவியில் கதை மாறுகிறது. அங்கே தாங்கும் அளவு 650 கேவி. கோபுர அடித்தடை 10 ஓம் அளவில் இருந்தால் 30 கிலோ அம்பியருக்கு 300 கேவி, தப்பித்துவிடும். பாறை மேல் நிற்கும் கோபுரத்தில் 50 ஓம் என்றால் அதே மின்னல் 1,500 கேவி. மேலே பாதுகாப்புக் கம்பி இருந்தும் பின்பக்கமாகப் பொறி பாயும். விதி இப்படி வரும்: அடித்தடை அதிகம், முகடு மேல் நிற்கும் கோபுரம் என்றால் முதலில் நிலத்தில் கவுண்டர்பாய்ஸ் கம்பி (அடித்தடையைக் குறைக்கப் புதைக்கும் நீளக் கம்பி) ஓட்டு; பாறையில் அதுவும் பலிக்காவிட்டால் லைன் அரெஸ்டர் (மிகை வோல்டேஜைத் தன் வழியே கடத்திவிடும் கருவி) போடு. எல்லாக் கோபுரத்துக்கும் போட வேண்டாம். முறைமையின் வேலையே எந்தக் கோபுரம் என்று தெரிந்து சொல்வதுதான்.

படி 7: 132 கேவிக்கு ஒரு குறிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். லக்சபானத் தொகுதியில் 1950இல் தொடங்கிய பழைய லக்சபானவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர நிலையம் வரை மின்நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் லைன் குட்டையாக இருக்கும். 5 கிலோமீற்றர் லைனின் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 2 ஓம். இம்பீடன்ஸை அளந்து பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேயின் முதல் வலயம் அதில் 80 சதவீதம், 1.6 ஓம். பாறைக் கோபுரத்தின் பழுதுத் தடை 10 ஓம் வந்தால் ரிலே எதைப் பார்க்கும்? அதனால்: மூல இம்பீடன்ஸ் லைன் இம்பீடன்ஸைப் போல 4 மடங்குக்கு மேல் என்றால் குட்டை லைன் என்று குறி, ஒப்டிக்கல் ஃபைபர் இருந்தால் லைன் டிஃபரென்ஷியலை (இரு முனை மின்னோட்டங்களையும் ஒப்பிடும் பாதுகாப்பு) பரிந்துரை, டிஸ்டன்ஸைப் பின்துணையாக வை, அதுவும் தடைப் பக்கம் அகலமான நாற்கர வடிவத்தில்.

படி 8: கணினியில் ஏற்றுவது

நாசாவின் ஜோன்சன் விண்வெளி மையத்தில் 1985இல் உருவான, விதிகளை ஓட்டும் மென்பொருளான கிளிப்ஸ் இன்றும் இலவசம். தரவிலிருந்து முடிவுக்குப் போகும் முன்னோக்கிய வேலைக்கு அது நன்றாகப் பொருந்தும், வடிவமைப்புக்கு வேண்டியதும் அதுதான். "இந்த லைனில் ரீக்ளோஸ் ஏன் மறுக்கப்பட்டது?" என்று முடிவிலிருந்து பின்னோக்கித் தேட ப்ரோலாக் என்ற நிரல்மொழி சுகம். பைதன் தெரிந்தவர்கள் அதிலேயே தொடங்கலாம். ஐம்பது, அறுபது விதிக்கு எதுவும் போதும்.

விதிகள் மோதும்போது எது வெல்லும் என்பதை முதல் நாளே எழுதுங்கள். என் வரிசை இது: ஆள் உயிர் தொடர்பான விதி எல்லாவற்றுக்கும் மேல், அடுத்து கருவி சேதம், கடைசியில் மின்வெட்டைக் குறைக்கும் விதிகள். ஒரே தட்டில் இரண்டு மோதினால் நிபந்தனை அதிகமுள்ள விதி வெல்லும். உதாரணமாக, "மின்னல் அதிகமான லைனில் மூன்று தடவை ரீக்ளோஸ்" என்ற விதியும் "லயத்துக்கு மேலே போகும் ஸ்பான், கீழே பாறை" என்ற விதியும் மோதினால் இரண்டாவதுதான் நிற்க வேண்டும். லைனை இரண்டாக வெட்டி, மேல் பாதிக்கு ஒரு ரீக்ளோஸ் கொள்கை, லயப் பக்கத்துக்கு வேறொன்று என்று முறைமையே யோசனை சொல்லும்படியும் எழுதலாம். நான் எழுதியதில் எனக்கு அதிகத் திருப்தி தந்த விதி அதுதான்.

விளக்க வரிகளைத் தமிழிலேயே வையுங்கள், சிங்களத்திலும் வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு மழையில் நிற்கும் லைன் ஆளுக்கு அது புரிய வேண்டும்.

படி 9: சோதிப்பது

பழைய ட்ரிப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "இந்த முறைமையின் செட்டிங் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று ஓட்டிப் பாருங்கள். ரிலேயிலிருந்து எடுத்த அலைவடிவப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் தரவில் ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள்: பாறையை மண் ஆக்குங்கள், பருவத்தை மாற்றுங்கள், ஒரு நிலையத்தை நிறுத்துங்கள். முடிவு மாற வேண்டிய இடத்தில் மாறாவிட்டால் விதியில் ஓட்டை இருக்கிறது. எல்லாத் தரவையும் "தெரியாது" என்று கொடுத்தும் ஒரு தடவை ஓட்டுங்கள். அப்போது முறைமை கேள்விப் பட்டியலை மட்டும் தர வேண்டும். ஒரு செட்டிங் வந்தாலும் எங்கோ ஒரு விதி தன்பாட்டில் ஊகிக்கிறது என்று அர்த்தம்.

நானும் ஒரு தடவை இதில் மாட்டினேன். வறண்ட காலத் தரவில் ஓட்டி எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன். மழைக் காலத் தரவைப் போட்டதும், நிலையங்கள் பங்கு போட்டுத் தள்ளும் மின்னோட்டத்தால் சப்ஸ்டேஷன் பிரேக்கர் பார்க்கும் பங்கு குறைந்து, லைன் முடிவில் உள்ள பழுதுக்கு அது பின்துணை தரவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு பருவத்துக்கும் ஓட்டாமல் எதையும் அச்சிட விடுவதில்லை.

கணினியில் சரி வந்த பிறகு, ரிலேயின் உள்ளே மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் செக்கண்டரி இன்ஜெக்‌ஷன் சோதனை வழக்கம்போல நடக்க வேண்டும். முறைமை சொன்னதற்காக அதில் ஒன்றையும் தவிர்க்க முடியாது.

படி 10: ஒப்படைப்பதும் பராமரிப்பதும்

ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு தாள் அச்சிடுங்கள்: எண், அதைத் தந்த விதிகளின் பெயர்கள், பயன்படுத்திய தரவு, அளந்த தேதி, பொறியியலாளர் கையெழுத்து. ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று ரிலே பெனலின் கதவுக்குள்.

புதிதாக ஒரு சிறு நீர்மின் நிலையம் இணைந்தால், கம்பி மாறினால், லைன் வேறு வழியில் திரும்பினால், ஒரு மலை சரிந்தால் மறுபடி ஓட்டுங்கள். எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தடவை, மாசி முடிவதற்குள் ஓட்டுங்கள். மார்ச் இடி தொடங்குவதற்கு முன் செட்டிங் திருத்த அவகாசம் இருக்கும், தரையும் காய்ந்திருப்பதால் நிலத்தடை அளவும் நேர்மையாக வரும்.

போன முறை ஓட்டிய தாளை எடுத்துக்கொண்டு ஃபோர்மன் ஐயாவிடம் போனேன். கண்ணாடியைப் போட்டு நிலம்-2 விதியை விரலால் தொட்டு வாசித்தார். "இது சரி. ஆனா ஒண்ண விட்டுட்டே," என்றார். "ஆத்தோரத்து ஸ்பான்ல கம்பி தண்ணில விழுந்தா? கீழ துணி துவைக்கிற இடம் இருக்கு." கொப்பியை விரித்து, நிலம்-4 என்று எழுதிக்கொண்டேன்.